அரைக் கட்டம்

தலையையே பார்த்துக்கிட்டு வர்றீங்க. நாகப்பட்டினத்துல ஏறுனதுலேருந்து பார்க்குறீங்க, ஆனா கேக்க மாட்டேங்குறீங்க. கேளுங்க சார், தப்பில்ல. பதினோரு தையல். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னுதான் பக்கத்து வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், நீங்க தஞ்சாவூர்ல இறங்கி உங்க வழியில போயிடுவீங்க. ஒரு பொண்ணு அடிச்சா சார். இருபத்தாறு வயசு. எனக்குக் கீழ காண்ட்ராக்ட்ல வேலை பார்த்த பொண்ணு. ஆஸ்பத்திரியில சலைன் பாட்டில் தொங்க விடுற இரும்பு ஸ்டாண்டு இருக்குல்ல, அதைத் தூக்கி மண்டையில போட்டா. வார்டே பார்த்துச்சு. ஒருத்தன்கூட வந்து அவ கையைப் பிடிக்கல.

நாலு நாள் ஆச்சு. இன்னும் அவ மேல ஒரு கேஸ் கிடையாது. நான் குடுத்த புகாரை வாங்கி வச்சுக்கிட்டு, "பார்க்கலாம் சார்"ங்கறாங்க. என்ன பார்க்கப் போறாங்க? தையலை எண்ணிப் பார்க்கப் போறாங்களா?

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்குக் கோபம் வராது. கை நீட்டுற பழக்கமே கிடையாது. போன வருஷம் ஸ்கூட்டர் நிறுத்துற இடத்துல ஒரு ஆளோட சின்னப் பேச்சு. அந்த ஆளுக்கு ஒரு பல்லு விழுந்துச்சு. ஏற்கெனவே ஆடிக்கிட்டிருந்த பல்லு சார் அது. நான் லேசாத்தான் தள்ளினேன். அதையெல்லாம் தோண்டி எடுத்து அந்தப் பொண்ணு ஸ்டேஷன்ல சொல்லியிருக்கா. அவ பேரு பூங்கோதை. பேரைப் பாருங்க.

என் பேரு நாவுக்கரசு. கடல் தகவல் மையத்துல தொழில்நுட்ப அலுவலர். பத்தொம்பது வருஷ சர்வீஸ். எங்க வேலை என்னன்னா, கடலுக்குப் போறவங்களுக்கு இன்னைக்கு மீன் எந்தப் பக்கம் கூடும்னு தினமும் ஒரு படம் போட்டுக் குடுக்கறது. சாட்டிலைட்லேருந்து கடல் தண்ணியோட சூடு, நிறம், எல்லாம் எண்ணா வந்து கொட்டும். லட்சக்கணக்கான எண்ணு. அதை அப்படியே தூக்கிக் குடுத்தா மீன்காரன் என்ன பண்ணுவான்? அதைக் கட்டம் கட்டமா அடுக்கணும். அதுக்கு சாஃப்ட்வேர்ல மொதல்ல ஆக்சிஸை வரையறுக்கணும். கிழக்கு மேற்குக்கு ஒண்ணு, தெற்கு வடக்குக்கு ஒண்ணு, ஆழத்துக்கு ஒண்ணு, நேரத்துக்கு ஒண்ணு. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது, நடுவுல எத்தனை படி, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எவ்வளவு தூரம். இதெல்லாம் சொன்னாத்தான் சாஃப்ட்வேருக்கு உலகம் தெரியும். சொல்றவன் நான். கலெக்டரே ஆனாலும் தரையிலதான் கோடு போடலாம். கடல்ல கோடு போட்டவன் நான் சார்.

விளையாட்டுக்குச் சொல்லல. உண்மையிலயே போட்டேன். சாவடித்துறை, மணற்பாடின்னு ரெண்டு ஊரு. தெக்க சாவடித்துறை, வடக்க மணற்பாடி. யாரு கடல்ல யாரு வலை போடுறதுன்னு அப்பன் காலத்துலேருந்து வெட்டுக்குத்து. படகு எரிஞ்சிருக்கு, ஆள் செத்திருக்கு, ரெண்டு ஊருக்கும் கல்யாணம் காட்சி எல்லாம் நின்னு போச்சு. மூணு வருஷம் முன்னாடி சமாதானக் கூட்டம் போட்டாங்க. கோடு போடுறதுன்னா எங்க போடுறது, தண்ணியில கல்லா நட முடியும்? கடைசியில எங்க படத்தை மேஜையில விரிச்சு வச்சாங்க. தெக்கேருந்து வடக்க நாப்பது கட்டம். ஒரு கட்டம் நாலு கிலோமீட்டர். இருபதாம் கட்டம் முடியற வரைக்கும் சாவடித்துறை, இருபத்தொண்ணு ஆரம்பிச்சா மணற்பாடி. ரெண்டு ஊர் பெரியவங்களும் கையெழுத்துப் போட்டாங்க. கட்டத்தோட எல்லை எண் படத்தோட ஓரத்துலயே போட்டிருக்கும். அதைப் பார்த்து ஜிபிஎஸ்ல ஏத்திக்கிட்டுப் போவாங்க. மூணு வருஷம் ஒரு அடிதடி இல்ல. அதுக்கு யாரு காரணம்? யாராவது எனக்கு ஒரு சால்வை போட்டாங்களா? விடுங்க.

இந்த வருஷம் தடைக்காலத்துல, படகெல்லாம் கரையில கிடந்த அந்த ரெண்டு மாசத்துல, எங்களுக்குப் புது சாஃப்ட்வேர் வந்துச்சு. எல்லா ஆக்சிஸையும் மறுபடி வரையறுக்கணும். நான்தான் உக்காந்து பண்ணேன். தெற்கு வடக்கு ஆக்சிஸுக்கு நாப்பது எண்ணு வந்திருந்துச்சு, எடுத்து ஏத்தினேன். அங்கதான் அந்தப் பொண்ணு மூக்கை நுழைச்சா.

இப்ப, தரையில டைல்ஸ் ஒட்டறீங்க. ஒவ்வொரு டைல்ஸுக்கும் ஒரு எண்ணு குடுக்கறேன். அந்த எண்ணு டைல்ஸோட நடுவுக்கா, ஓரத்துக்கா? நடுவுக்குன்னா அதுக்கு ரெண்டு பக்கமும் பாதிப் பாதி டைல்ஸ் போகும். ஓரத்துக்குன்னா அங்கேருந்துதான் டைல்ஸே ஆரம்பிக்கும். அவ்வளவுதான் விஷயம். பழைய சாஃப்ட்வேர்ல ஓரம். அது வந்து பதினாறு வருஷமா ஓரம்னுதான் குடுத்திருக்கேன். இதுலயும் ஓரம்னு குடுத்தேன்.

"சார், இதுல வர்ற எண்ணு நடுப்புள்ளி சார். நீங்க தெக்கு ஓரம்னு குடுத்திருக்கீங்க. எல்லாக் கட்டமும் அரைக் கட்டம் வடக்க தள்ளிப் போயிடும்"னு சொன்னா.

"அரைக் கட்டம்தானேம்மா"ன்னேன்.

"அரைக் கட்டம்னா ரெண்டு கிலோமீட்டர் சார். இருபதாம் கட்டம் மணற்பாடிக்காரங்க கடலுக்குள்ள போய் நிக்கும். தடை முடிஞ்சு மொத நாள் எல்லாப் படகும் போகும். வேண்டாம் சார், இன்னைக்கே மாத்திடுவோம்."

இதை எங்க வச்சுச் சொல்றா? எல்லாரும் இருக்குற ஹால்ல. டீ குடிச்சுக்கிட்டிருந்தவன் எல்லாம் திரும்பிப் பார்க்குறான். நான் சிரிச்சுக்கிட்டே, "நீ பொறந்தப்ப நான் காலேஜ்ல படிச்சுக்கிட்டிருந்தேன்"னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டேன். கோபப்பட்டேனா? இல்ல.

சாப்பிட்டு வந்து பார்த்தா, என் ஆக்சிஸை எடுத்துட்டு அதே பேருல இவ ஒரு ஆக்சிஸ் போட்டு வச்சிருக்கா. அதே பேருல சார்! தனியா ஒரு பேரு வச்சு, "சார் இது என்னோடது, ஒப்பிட்டுப் பாருங்க"ன்னு குடுத்திருந்தா நான் பார்த்திருப்பேன். அவ சொன்னது சரியா தப்பாங்கறது இல்ல இங்க விஷயம். நான் இல்லாதப்ப என் ஆக்சிஸ்ல கை வைக்கலாமா? அதுதான் விஷயம். நான் உக்காந்து அவ போட்டதை ரத்து பண்ணிட்டு என்னோடதை மறுபடி வரையறுத்தேன். சாஃப்ட்வேர் கேட்டுச்சு. இந்த ஆக்சிஸ் ஒரு கிரிட்ல, அதாவது கட்ட வரிசையில, பயன்பாட்டுல இருக்கு, மாத்தினா அதைச் சார்ந்த எல்லாப் படமும் மாறும், மாத்தவான்னு. ஆமான்னு அழுத்தினேன். அது என்னைக் கேட்டுச்சு பாருங்க, அந்த மரியாதை மிஷினுக்குத் தெரியுது.

அப்ப அவ குறுக்க கையை நீட்டினா. "வேண்டாம் சார், ப்ளீஸ் சார்"னு கீபோர்டுல கையை வச்சுட்டா. நான் கீபோர்டு தட்டை உள்ள தள்ளினேன். லேசாத்தான். அவ விரலு நடுவுல மாட்டிக்கிச்சு. மூணு விரல்ல நகம் கறுத்துப் போயி, ஒண்ணு விழுந்துடுச்சு. கையை எடுத்திருக்கலாம்ல? வேலை நடக்குற இடத்துல கையை வச்சா அடிபடத்தான் செய்யும்.

தடை முடிஞ்சு மூணாவது நாள். காலையில பத்து மணி இருக்கும். நான் நேர்ல பார்க்கல, போலீஸ் விசாரணையில சொன்னதை வச்சுச் சொல்றேன். சாவடித்துறைக்காரங்க பதினாலு பைபர் படகுல போயிருக்காங்க. எங்க படத்துல இருபதாம் கட்டம் நல்ல பச்சையா இருந்துச்சு, மீன் கூடுற கட்டம். எல்லை எண்ணை ஜிபிஎஸ்ல ஏத்திக்கிட்டு, எல்லையை ஒட்டி வலை விட்டிருக்காங்க. மணற்பாடிக்காரங்க போன வருஷ எண்ணை அப்படியே வச்சிருந்தாங்க. அவங்க கணக்குல இது அவங்க கடலுக்குள்ள ரெண்டு கிலோமீட்டர். சுத்தி வளைச்சுட்டாங்க.

"எல்லை தாண்டி வந்து வலையாடா போடுறீங்க?"

"எங்க கட்டத்துலதான்டா நிக்கிறோம். கண்ணு இருந்தா பாரு!"

மாசிலாமணின்னு ஒரு ஆளு, சாவடித்துறை, முப்பத்தி நாலு வயசு. அவன்தான் ஜிபிஎஸ்ஸைக் கையில எடுத்து உயரத் தூக்கிக் காட்டியிருக்கான். எண்ணைப் பாருங்கடா, எண்ணைப் பாருங்கடான்னு கத்தியிருக்கான். மணற்பாடிப் படகுலேருந்து துடுப்பால ஒரே வீச்சு. கை மணிக்கட்டுல ஒடிஞ்சு தொங்குச்சாம். அவன் தம்பி ஐஸ் உடைக்கிற கம்பியை எடுத்து அடிச்சவன் வயித்துல சொருகிட்டான். அதுக்கப்புறம் யாரு யாரை அடிச்சான்னு யாருக்கும் தெரியல. வலைக்குக் கட்டுற கல்லைத் தூக்கி மண்டையில போட்டிருக்காங்க. நங்கூரத்தைக் கயித்தோட சுழட்டி வீசியிருக்காங்க, ஒருத்தனுக்குத் தாடை பேந்து போச்சு. தண்ணியில விழுந்தவனை மேல ஏற விடாம விரல் மேலயே அரிவாளால வெட்டியிருக்காங்க. மண்ணெண்ணெய் ஊத்தி ரெண்டு படகைக் கொளுத்திட்டாங்க. மாசிலாமணி ஒத்தைக் கையோட நீந்தப் பார்த்திருக்கான். மேலேயிருந்து படகை அவன் மேலயே விட்டிருக்காங்க. என்ஜின் விசிறி சார். முகம் அடையாளம் தெரியல, இடுப்புல கட்டியிருந்த தாயத்தை வச்சுத்தான் பொண்டாட்டி அடையாளம் சொன்னா. ஒரு சாவு, பத்தொம்பது பேருக்கு வெட்டு.

காட்டுமிராண்டிங்க. உக்காந்து பேசியிருந்தா ரெண்டு நிமிஷத்துல தீர்ந்திருக்கும். கோபம் சார், எல்லாம் கோபம்.

மறுநாள் மேலேருந்து கேள்வி வந்துச்சு. ரெண்டு பக்கமும் வேற வேற எண்ணு எப்படி வந்துச்சு? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள விளக்கம் வேணும். எங்க இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "ரெண்டே வரி. தமிழ்ல எழுதுங்க, தமிழ்ல இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. சுருக்கமா இருக்கட்டும்"னாரு. நான் யோசிச்சேன். ஆக்சிஸுக்குத் தமிழ்ல என்ன? அச்சு. ஸ்கூல் கணக்குப் புத்தகத்துல போட்டிருக்கு, எக்ஸ் அச்சு, ஒய் அச்சுன்னு. அதனால, வரைபடத்துல ஏற்பட்ட அச்சுப் பிழையால எண்கள் மாறியதுன்னு எழுதினேன். இதுல ஒரு பொய் இருக்கா சொல்லுங்க. ஆக்சிஸ்ல பிழை. அச்சுப் பிழை. நேர்மையா ஒத்துக்கிட்டேன். என் பேரைப் போடல, அவ்வளவுதான். பேரு யாரும் கேக்கல.

அந்தக் கடிதத்தை எவனோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல விட்டுட்டான். படிச்சவன் எல்லாம் என்னன்னு படிச்சான்? பிரிண்டிங் மிஸ்டேக்னு படிச்சான்! தமிழைச் சரியாப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு நான் என்ன பண்ண முடியும்?

எங்க படத்தைப் பிரிண்ட் போட்டு ரெண்டு ஊர் மீன் இறங்குற இடத்துலயும் ஒட்டுறது சவரியப்பன்னு ஒரு ஆளு. கடைத்தெருவுல சவரி டிஜிட்டல்னு கடை. நாம அனுப்புறதை அப்படியே எடுத்து ஒட்டுவான். கொஞ்சம் தலைக்கனம் பிடிச்ச ஆளு. கல்யாணப் பத்திரிகைக்குப் போனீங்கன்னா, "உங்க மாமனார் பேர்ல துணைக்கால் விட்டுப் போச்சு"ன்னு உங்களுக்கே பாடம் நடத்துவான். அவன் கடைக்கு மாசிலாமணியோட தம்பிங்க, சித்தப்பா மக்கள்னு நாப்பது பேரு போயிருக்காங்க. பட்டப்பகல்ல, பதினோரு மணிக்கு.

"உன் அச்சுப் பிழைக்கு எங்க அண்ணன் செத்தான்டா!"

"அவங்க அனுப்புனதைத்தான்பா அடிச்சேன். ஒரு புள்ளி நான் மாத்தல. கம்ப்யூட்டர்ல இருக்கு, வந்து பாருங்க, காட்டுறேன்"னு சொல்லியிருக்கான். அடிச்சேன்ங்கற சொல்லு மட்டும்தான் அவங்க காதுல விழுந்திருக்கும்போல. மொதல்ல கண்ணாடி, அப்புறம் மிஷினு, அப்புறம் அவன். கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டுல போட்டு மிதிச்சாங்க. பேப்பரைக் கத்தை கத்தையா வெட்டுற கட்டிங் மிஷின் இருக்குல்ல, அந்த மேஜை மேல அவனைக் குப்புறப் போட்டு, வலது கையை உள்ள வச்சு, கைப்பிடியை இழுத்துட்டாங்க. நாலு விரலு. கட்டை விரலு மட்டும் மிச்சம். இடது தோளும் இறங்கிப் போச்சு. எதிர்க் கடைக்காரன் சொன்னான், அந்த விரலு விழுந்தப்ப கூட, "நான் மாத்தல, நான் மாத்தல"ன்னுதான் கத்தினானாம்.

எனக்கு வருத்தமா இல்லையா? இருந்துச்சு சார். ரெண்டு வேளை சாப்பிடல.

ஸ்டேஷன்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க. எஸ்ஐ சின்ன வயசு ஆளு. "அச்சுன்னு எழுதியிருக்கீங்களே, எந்த அச்சு? வண்டி அச்சா?"ன்னு கேட்டுட்டு அவரே சிரிச்சாரு. அப்புறம், "பிரிண்டிங்தானே சார்?"னாரு. நான் தலையை ஆட்டினேன். ஆமான்னும் ஆட்டல, இல்லைன்னும் ஆட்டல. சும்மா ஆட்டினேன். அவரு எழுதிக்கிட்டாரு. அவரு எழுதிக்கிட்டதுக்கு நான் பொறுப்பா? சவரியப்பன் மேல ஒரு கேஸ் போட்டாங்க, அஜாக்கிரதையால உயிர்ச்சேதம் உண்டாக்கினதா. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு கான்ஸ்டபிள் உக்கார வச்சாங்க.

பூங்கோதை அன்னைக்கு என் மேஜைக்கு வந்து நின்னா. அழுகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. "சார், அது ஆக்சிஸ்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அந்த ஆளுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க சார். வெளிய வந்தாலும் சாவடித்துறைக்காரங்க உயிரோட விட மாட்டாங்க. நீங்க சொன்னா அவரு பிழைச்சுக்குவாரு." நான் சொன்னேன், "நீ மொதல்ல உன் காண்ட்ராக்டைப் பாரு"ன்னு. அடுத்த வாரமே இயக்குநர் அவ காண்ட்ராக்டை நிறுத்திட்டாரு. நான் எதுவும் பெருசாச் சொல்லல. லேசாத்தான் சொன்னேன்.

அந்த ஆக்சிஸா? அது அப்படியேதான் இருக்கு. நான் ஏன் மாத்தணும்? இப்பப் போய் மாத்தினா தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? இப்போதைக்குப் படம் நிறுத்தி வச்சிருக்கு. விசாரணை இன்னைக்கு முடிஞ்சுட்டா திங்கக்கிழமைலேருந்து மறுபடி வரும். அதே ஆக்சிஸ்லதான் வரும். ஜனங்க ஒரு வாரத்துல பழகிக்குவாங்க.

இன்னைக்குத்தான் விசாரணை, தஞ்சாவூர்ல. அதுக்குத்தான் போறேன். சிக்கல் என்னன்னா, சவரியப்பன் பொண்டாட்டி எங்கேயோ தேடி, நாங்க அனுப்புன படத்தோட நகல் போன்ல இருக்கறதைக் கண்டுபிடிச்சிருக்கா. அனுப்புனதும் அடிச்சதும் ஒண்ணுதான்னு காட்டப் போறாளாம். காட்டினா எங்க போய் நிக்கும்? மையத்துப் பேரு என்னாகும்? பத்தொம்பது வருஷம் சார். இயக்குநர், "பேசிப் பாருங்க, சுமுகமா முடிச்சுடுங்க"ன்னாரு.

அதனால சவரியப்பனுக்கு நல்லது பண்ணலாம்னுதான் போனேன். அவன் சார்புல நானே ஒரு மனு தயார் பண்ணினேன். நான் அஜாக்கிரதையாகச் செய்துவிட்ட அச்சுப் பிழைக்கு வருந்துகிறேன், குடும்பஸ்தன், கருணை காட்டவும், இப்படி. ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டா ஏதோ பார்த்து விட்டுடுவாங்க. ரெண்டு ஆப்பிள் வாங்கிக்கிட்டு, ஆபீஸ் ஸ்டாம்ப் பேடைப் பையில போட்டுக்கிட்டு, நாலு நாள் முன்னாடி மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் பொண்டாட்டி கஞ்சி வாங்கக் கீழ போயிருந்தா. கான்ஸ்டபிள் டீ குடிக்கப் போயிருந்தாரு.

மனுவை அவன் கண்ணு முன்னாடி பிடிச்சுக் காட்டினேன். கையில பிடிக்க முடியாதுல்ல. மெதுவா, ஒவ்வொரு எழுத்தாப் படிச்சான். நான் நினைச்சேன், திட்டுவான், இல்ல அழுவான்னு. படிச்சு முடிச்சுட்டு, குரலே இல்லாம சொல்றான், "சார், மூணாவது வரியில ஒரு 'ப்' விட்டுட்டீங்க. அச்சுக்கும் பிழைக்கும் நடுவுல 'ப்' வரணும். நான் இப்படி எழுத மாட்டேன்னு ஊருக்கே தெரியும். இது என் மனு இல்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கையெழுத்து எங்கேருந்து போடப் போறான்? கைதான் இல்லையே. ரேகைதான். ஆம்பளைக்கு இடது பெருவிரல். இடது கை தோள்லேருந்து கட்டுப் போட்டிருந்துச்சு, அதுலதான் சலைன் ஊசியும் ஏறிக்கிட்டிருந்துச்சு. நான் விரலை எடுத்து மை தடவினேன். அவன் கையை இழுக்கப் பார்த்தான். இறங்கின தோளு, இழுக்க முடியல. விரலை மடக்கி உள்ள வச்சுக்கிட்டான். நான் பிரிச்சேன். கடிக்க வந்தான் சார், நம்புவீங்களா? முழங்கையால அவன் நெஞ்சை அழுத்திக்கிட்டு, விரலைப் பேப்பர்ல வச்சேன். லேசாத்தான் அழுத்தினேன். அதுக்கே அந்த வார்டு முழுக்கக் கேக்குற மாதிரி அலறினான். ஊசி பிச்சுக்கிட்டு வந்து மனு ஓரத்துல ரெண்டு சொட்டு ரத்தம் வேற.

அப்பத்தான் பூங்கோதை வந்தா. வேலை போனதுலேருந்து தினமும் அங்கதான் கிடக்குறாளாம், அந்தப் புள்ளைங்களைப் பார்த்துக்கிட்டு. என்ன ஏதுன்னு கேக்கல சார். ஸ்டாண்டைப் பாட்டிலோட தூக்கி, ரெண்டு கையாலயும், மொத அடி தோள்ல, ரெண்டாவது இங்க. நான் கீழ விழுந்தப்புறமும் ஒண்ணு போட்டா. பக்கத்துக் கட்டில் ஆளு, "இன்னொண்ணு போடும்மா"ங்கறான். இந்த ஊரு எப்படிப் பார்த்தீங்களா? ஒரு அரசாங்க அலுவலருக்கு இதுதான் மரியாதை. இதைக் கேக்க நாதி இல்ல. விசாரணையில மொதல்ல இதைத்தான் சொல்லப் போறேன்.

ஆனா பேப்பரை நான் விடல. மண்டையிலேருந்து ரத்தம் வழியுது, அவ என் கையைப் பிரிக்கப் பார்க்குறா, நான் விடல. இந்தாங்க, பிளாஸ்டிக் உறையில பத்திரமா வச்சிருக்கேன். நீங்களே பாருங்க. ரேகை எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க, ஒரு கோடு கலையல.

மூணாவது வரியைப் பாருங்க. எல்லாம் கறுப்பு எழுத்து, அந்த 'ப்' மட்டும் நீல மையில இருக்கும். அவன் சொன்ன உடனே, விரலைப் பிடிக்கறதுக்கு முன்னாடியே, அந்தக் கட்டில் ஓரத்துல உக்காந்து என் பேனாவால நானே போட்டேன். அதுதான் சார் நான். ஒருத்தன் தப்புன்னு எடுத்துச் சொன்னா, அவன் யாராயிருந்தாலும், அப்பவே திருத்திக்குவேன்.